இரண்டு சொல் மிஞ்சிய வாய்

எனக்குப் பக்கவாதம் வந்த அன்று என்னைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பாடினதும் அன்பினால்தான். நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இதே அறிகுறியோடு இன்னொரு இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கலாம், அவளைச் சுற்றியும் நல்லவர்கள் நிற்கலாம்.

என் பெயர் லில்லி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் பீஸ் சோதிக்கிற வேலை. வீட்டு மெயின் போர்டில் மாட்டுகிறோமே வெள்ளை ஃபியூஸ் கேரியர், அது சூளையிலிருந்து வெளியே வந்து ஆறினதும் என் மேசைக்கு வரும். இடது கையில் பீஸ், வலது கையில் ஒரு சின்ன இரும்புக் கம்பி. ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் நல்ல பீஸ். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று விழும். கணீரென்றதும் "ஏசப்பா ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கூடையில் போடுவேன். மொத்தென்றால் வாயை மூடிக்கொண்டு ஒதுக்கி வைப்பேன். விரிசலுக்கு எதற்கு நன்றி?

ஸ்தோத்திரம் என்றால் துதி, நன்றி. எங்கள் சபையில் வணக்கத்துக்குப் பதிலாகவும் அதையே சொல்வோம். போனை எடுத்தாலும் அதுதான், பஸ் கிடைத்தாலும் அதுதான். வேலையில்கூட ஆண்டவருடைய நாமத்தை மகிமைப்படுத்துகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. பக்கத்து மேசையில் இருக்கும் கலாவும் எங்கள் சபைதான். "லில்லியக்கா கைக்காச்சும் ஞாயித்துக்கெழம லீவு உண்டு, ஏசப்பாவுக்குத்தான் லீவே கெடையாது" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

அன்று காலை டீ குடித்து முடித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கலாம் என்று பார்த்தால் வலது கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மடியில் கிடந்தது. "கலா, கம்பிய எடுத்துக் குடுடி" என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். என் காதில் விழுந்தது வேறு ஏதோ. எந்த ஊர்ப் பாஷையும் இல்லை. குழைந்து, உருண்டு, வேகவேகமாக வந்தது.

எங்கள் சபையில் ஆவியின் அபிஷேகம் இறங்கினால் சிலர் யாருக்கும் புரியாத மொழியில் பேசுவார்கள். அதை அந்நிய பாஷை என்போம். எனக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை. அதற்காக நான் உபவாசம் இருந்து அழுததெல்லாம் கலாவுக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றாள். முகமெல்லாம் மலர்ந்துபோயிருந்தது.

"அக்காவுக்கு எறங்கிட்டுது! ஓடியாங்க, லில்லியக்காவுக்கு எறங்கிட்டுது!"

யூனிட்டில் இருந்த எங்கள் சபைப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் பயபக்தியோடு தள்ளி நின்றார்கள். நான் "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் இன்னும் சந்தோஷப்பட்டார்கள். கண்ணில் நீர் வழியக் கைதட்டிப் பாடினார்கள். என் தலையில் கை வைத்தார்கள். அந்தச் சிரித்த முகங்களுக்கு நடுவில் நான் உள்ளே மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். 

மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு என் வீட்டுக்காரர் செல்வராஜ் வந்தார். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் வழிந்திருந்தது.

"பாட்ட நிறுத்துங்கம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அதற்குப் பிறகு போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடலாம். "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். கலா சொன்னாள். நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லி டாக்டர் கையுறையைக் கழற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளும்போது கலா என் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான்தான்க்கா உன்ன இப்பிடி ஆக்கிட்டேன்." விடுடி, உனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழறல் இல்லாமல், தெளிவாக, என் பழைய குரலிலேயே வந்தது.

"ஏசப்பா ஸ்தோத்திரம்."

அழுகையை நிறுத்திவிட்டு அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடியும் அதுவே. ஆம்புலன்ஸ் சேத்தியாத்தோப்புப் பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் வேறு எதையாவது சொல்லிவிட முட்டி முட்டிப் பார்த்தேன். என் வாயில் அந்த இரண்டு சொல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. கூட இருந்து பார்த்துக்கொண்டது என் மகள் ஜென்சி. கல்லூரிக்குப் போவதை விட்டுவிட்டு வந்து தரையில் பாய் விரித்துக்கொண்டாள். முதலில் விழுங்கு சோதனை. ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். இருமினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று அர்த்தம். எனக்கு வந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், கஞ்சியும் பாலும் அதில்தான். தாகத்துக்கு "ஏசப்பா ஸ்தோத்திரம்." ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாலும் அதே. தோள் வலிக்கிறது, மின்விசிறியைக் குறை, வேண்டாம், வேண்டவே வேண்டாம், எல்லாவற்றுக்கும் அதே. தலையாட்டலாமே என்பீர்கள். வேண்டாம் என்று ஆட்ட நினைத்தால் தலை மேலும் கீழுமாக ஆடியது. ஜென்சி என் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகினாள். அவள் காதில் தோடு இல்லாததை ஒருநாள் கவனித்தேன். எங்கே என்று கேட்க முடியாமல் அந்தக் காதையே தடவினேன். "ஊசி மருந்து வெளியில வாங்கணும்னாங்கம்மா, அடகு வெச்சிருக்குது, அப்பறம் மூட்டுக்கலாம்" என்றாள். அதற்கும் நான் ஸ்தோத்திரம்தான் சொன்னேன்.

நரம்பு டாக்டர் ஒரு நிதானமான மனிதர். என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஜென்சிக்கு விளக்கினார்.

"மூளையோட எடது பக்கத்துல பேச்ச கட்டற எடம் இருக்குதும்மா. யோசிச்சுப் பேசற பேச்செல்லாம் அங்கேருந்துதான் வருது. அந்த எடத்துல அடிபட்டிருக்குது. ஆனா பழகிப்போயி தானா வர்ற பேச்சு, ஒண்ணு ரெண்டு எண்ணறது, பாட்டு, சாமி கும்புடறது, திட்டறது, இதெல்லாம் வேற எடத்துல கெடக்கும். அது தப்பிச்சிடும். சிலருக்குக் கெட்ட வார்த்த மட்டும்தான் மிஞ்சும், வூட்ல உள்ளவங்க வெக்கப்பட்டுப் போவாங்க. அம்மாவுக்கு நல்ல வார்த்தயா மிஞ்சியிருக்குது, சந்தோஷப்படுங்க."

ஜென்சி சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் ஆண்டவருடைய நாமமும் குழாயடிச் சண்டையில் விழுகிற வசவும் ஒரே இடத்திலா கிடந்தன? அப்படியானால் இத்தனை வருஷம் நான் சொன்னதில் எதை அவரிடம் சொன்னேன், எது வெறுமனே வாய் அசைந்தது? டாக்டரைக் கேட்க வேண்டும் என்று துடித்தேன். என் வாய் அவரைப் பார்த்து நன்றி சொல்லி அனுப்பி வைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வியாதியைவிட பயமாக இருந்தது.

நான் பேச முயலாதபோதும் அந்தக் குரல் வர ஆரம்பித்தது. மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டுதான் படுத்திருப்பேன். திடீரென்று வார்டுக்குள் யாரோ "ஏசப்பா ஸ்தோத்திரம்" என்பார்கள். குரல் என்னுடையது. உதடு அசைந்திருக்கும். ஆனால் நான் சொல்லவில்லை. யாரோ என் வாயை எடுத்துப் பேசிவிட்டு வைத்துவிட்டுப் போவது போல் இருந்தது. தூக்கத்திலும் சொல்கிறேனாம். எதிர்ப் படுக்கைக்காரி சொன்னாள். சொல்லும்போது என் கண் திறந்திருந்ததாம்.

அந்த எதிர்ப் படுக்கை மூதாட்டிக்கு விடாத காய்ச்சல். ஒருநாள் அவளுடைய மகள் அம்மா நெற்றியில் கை வைத்துப் புலம்பிக்கொண்டிருக்கும்போது என் வாய் அதைச் சொன்னது. சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் என் தலையணை ஓரம் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

அதற்குப் பிறகு கேட்க வந்தார்கள். வார்டில் முக்கால்வாசிப் பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு அருள்வாக்குக் கேட்பது பழக்கம். "பேச்செல்லாம் போயி சாமி பேரு மட்டும் நிக்கிதே, சும்மாவா நிக்கும்?" என்று பேசிக்கொண்டார்கள். வாசலோரப் படுக்கையில் மூச்சுத் திணறலோடு ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவளுடைய அம்மா வந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு பொழச்சுக்குமாம்மா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் தாயி என்று சொல்லப் பார்த்தேன். வந்தது வந்துவிட்டது. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அந்தப் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் பொய் சொல்லிவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டவர் அழைத்துக்கொள்வார் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன், தாய்க்குத்தான் விளங்கவில்லை என்றார்கள். பிழைத்தாலும் நான் சொன்னது, செத்தாலும் நான் சொன்னது. என் படுக்கையைத் தாண்டும்போது ஒருத்தி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு போனாள்.

எங்கள் சபைப் பாஸ்டரம்மா பார்வை நேரத்தில் தவறாமல் வருவார். என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னி விடுவார், கஞ்சியைக் கட்டியில்லாமல் வடிகட்டிக் கொண்டுவருவார், அழுக்குத் துணியை எடுத்துப்போய்த் துவைத்து வருவார். பெற்ற தாய்கூட அப்படிச் செய்யமாட்டாள். ஆனால் வார்டுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். "பாத்தீங்களா, பேச்சு சக்தியெல்லாம் எடுத்துக்கிட்டு தம்முடைய நாமத்த மட்டும் லில்லி வாயில வெச்சிருக்காரு. இது வியாதி இல்ல, அடையாளம். கன்வென்ஷன் கூட்டத்துல இவங்கள மேடையில ஒக்கார வெக்கணும்." நான் இல்லை இல்லை என்று அழுவேன். அந்த இரண்டு சொல்லாகத்தான் அழ முடியும். அவரும் சேர்ந்து சந்தோஷத்தில் அழுவார்.

என்னிடம் வாக்குக் கேட்காமல் சாதாரணமாகப் பேசியது ஒருத்திதான். பக்கத்துப் படுக்கை தனலட்சுமி. தனம் என்று கூப்பிடுவார்கள். கருவேப்பிலங்குறிச்சிக்காரி, நாற்பதைத் தாண்டியிருக்காது. வயலில் முள் குத்தினதைச் சர்க்கரை வியாதியோடு அலட்சியமாக விட்டுவிட்டாள். பாதம் கறுத்து அழுகிப்போயிருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கத்தி வைக்க முடியும் என்பதால் எங்கள் வார்டில் போட்டிருந்தார்கள். கட்டுப் பிரிக்கும்போது வரும் நாற்றத்துக்கு அவளே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பாள். ஜென்சி வெளியே போயிருக்கும்போது என் புடவை விலகினால் படுத்தபடியே கையை நீட்டி இழுத்துவிடுவாள். வீட்டுக் கதை, மாட்டுக் கதை எல்லாம் சொல்லிவிட்டு, "என்னாக்கா, நான் சொல்றது சரிதான?" என்பாள். நான் அதையே சொல்வேன். "நான் எத சொன்னாலும் ஒத்துக்கற ஒரே ஆளு நீதான்க்கா. எங்க வூட்டுக்காரரு கூட இப்பிடி இல்ல" என்று சிரிப்பாள். அந்த வார்டில் என்னைச் சிரிக்க வைத்தவள் அவள்தான்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்து முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று சொன்னதும் தனம் மாறிப்போனாள். எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறி உயிரையே வாங்கிவிடும் என்றார் அவர். தள்ளிப்போட நேரமில்லை என்றார். அவள் வீட்டுக்காரர் ராமலிங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நல்ல மனுஷன், பயந்த மனுஷன்.

"திட்டக்குடி பக்கம் பச்சில கட்றவரு ஒருத்தரு இருக்காரு தனம். கால எடுக்காமயே சரி பண்ணிடுவாராம். காலு இல்லாம நீ எப்பிடி வயல்ல எறங்குவ?"

அன்று மதியம் தனம் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் கண்ணில் அந்த வாசலோரத் தாயின் பார்வை வந்திருந்தது. என்னை அக்காவாகப் பார்க்கவில்லை.

"அக்கா, காலோடயே வூட்டுக்குப் போனா நான் நல்லாயிடுவேனா?"

போகாதே, செத்துப்போவாய், டாக்டர் சொல்வதைக் கேள் என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தேன். அது மேலும் கீழும் ஆடியது. வாய் திறந்தது.

"ஏசப்பா ஸ்தோத்திரம்."

தனம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். ராமலிங்கம் ஓடிவந்து என் காலைத் தொட்டார். நான் இடது கையால் கட்டிலை அடித்தேன். "அருளு வருது பாரு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஜென்சி ஓடிவந்து, "ஐயோ, அது வியாதிங்க! எங்கம்மாவுக்கு அந்த வார்த்த மட்டும்தான் வரும், நாய் கொலச்சாலும் அதத்தான் சொல்லுவாங்க" என்று கெஞ்சினாள். "சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாதும்மா. உங்க பாஸ்டரம்மாவே இது அடையாளம்னுதான சொன்னாங்க?" என்றார் ராமலிங்கம். மறுநாள் மதியம் எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று முழுக்க நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். உள்ளே சொற்களெல்லாம் எனக்கு இருந்தன, வெளியே வரத்தான் வழியில்லை. உம்முடைய நாமத்தைச் சொல்லி ஒருத்தியைக் கொல்லப் போகிறேன், இதற்கா எனக்கு இதை மட்டும் விட்டு வைத்தீர் என்று கேட்டேன். பயம்தான் வந்தது. ஒருவேளை என் வாயிலிருந்து பேசுவது அவர் இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். அந்த நினைப்பைவிடக் கொடியது எனக்கு வேறு இல்லை.

மறுநாள் காலையில் வார்டுக்காரம்மா எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள். ஒரு தட்டு இன்னொன்றில் பட்டுக் கணீரென்றது. உடனே என் வாய் பேசியது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் டிரேயில் கத்தரியைப் போட்டாள். கணீர். என் வாய் பேசியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதியங்களில் ஜென்சி கேரியரைத் திறக்கும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம், குளுக்கோஸ் மாட்டும் கம்பி கட்டிலில் இடிக்கும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆவியும் இல்லை, பேயும் இல்லை. என் வாய் மட்டும் எனக்குத் தெரியாமல் யூனிட்டில் உட்கார்ந்து இன்னும் பீஸ் சோதித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மொத்தென்ற சத்தத்துக்கு அது மூடிக்கொள்ள வேண்டும்.

இடது கையை நீட்டி ஸ்டூலில் இருந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டேன். ஸ்பூனால் தட்டினேன். மொத்தென்று விழுந்தது. ஜென்சி எழுந்து, "என்னம்மா வேணும்?" என்றாள். பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. வியாதி வந்த நாளிலிருந்து என்னைக் கேட்ட கேள்விக்கு நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. ஜென்சி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

மதியம் தனத்துக்குத் துணி மாற்றி, பையைக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கீழே ஆட்டோ நின்றது. ராமலிங்கம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்கம்மா. நல்லபடியா போயிட்டு வரோம்."

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குவளையைத் தட்டினேன்.

"சொல்லுக்கா" என்றாள் தனம்.

தொண்டைக்குள் அது ஏறி வருவது எனக்குத் தெரிந்தது. தட்டினேன். ஏறினது நின்றது. மறுபடி ஏறியது. மறுபடி தட்டினேன். யாரோ ஒரு டம்ளரைக் கீழே போட்டிருந்தால் அன்று எல்லாம் முடிந்திருக்கும். நல்லவேளை, வார்டில் ஒரு கம்பிகூட அசையவில்லை. நான் தனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, மொத்து மொத்தென்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா?"

தட்டினேன்.

தனத்தின் முகம் வெளுத்தது. "இந்த அக்கா எல்லாத்துக்கும் சொல்லுதுங்க. ஊசி போட்டாலும் சொல்லுது, கஞ்சி ஊத்துனாலும் சொல்லுது. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்குது." ராமலிங்கத்தின் சட்டையைப் பிடித்தாள். "நான் வரலீங்க. நான் போனா திரும்பி வரமாட்டேன். என்னைத் திருப்பிப் படுக்க வைங்க."

அதையும் அவள் குறியாகத்தான் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அன்று என் ஆண்டவருடைய நாமத்தை நான் சொல்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், சொன்ன வருஷங்களையெல்லாம்விட அவருக்குப் பக்கத்தில் இருந்தேன் என்று நம்புகிறேன். பாஸ்டரம்மாவுக்கு இது இன்னும் ஒத்துவரவில்லை. மேடையில் ஏற நான் சம்மதிக்கவில்லை என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கஞ்சி மட்டும் நிற்கவில்லை.

இப்போது நான் பேசுகிறேன். மெதுவாக, தேடித் தேடி, சில சமயம் பூனையை நாய் என்று சொல்லிவிட்டு ஜென்சியிடம் கேலி வாங்கிக்கொண்டு பேசுகிறேன். கலா வாரத்துக்கு ஒருதரம் வந்து என் வலது கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். போனை எடுத்தால் "லில்லி பேசறேன்" என்கிறேன். ஜெபத்தில் அவர் பேரைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். யார் வீட்டிலாவது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பேச்சுக் குழறினால், கை தளர்ந்தால், வாய் கோணினால், பாடாதீர்கள். முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். வண்டியில் ஏறிக்கொண்டு ஜெபம் பண்ணலாம்.

முதல் சொல் வந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து அடுத்த நாள் மதியத்துக்கு மேல் தனத்தை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வார்டில் யாரும் கிட்டப் போகவில்லை. நான் வாய் திறக்காத ஆள் அவள் ஒருத்திதான் என்பதால், பிழைக்கமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். ராமலிங்கம் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அவள் பேரைச் சொல்லக்கூடத் தைரியமில்லாமல் விசும்பிக்கொண்டிருந்தார். மூச்சு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அவள் பக்கமாகக் கையை நீட்டி வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வந்தால் வரட்டும் என்றுதான் திறந்தேன்.

"த... தனம்."

ஜென்சி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். எனக்கே அது யார் குரல் என்று புரியவில்லை. நாக்கு தடித்து, உதடு கோணி, அசிங்கமாக வந்தது. என் பழைய குரலே இல்லை. ஆனால் நான்தான் சொன்னேன். மறுபடி சொன்னேன்.

"தனம்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"என்னாக்கா... இங்கதான் இருக்கேன்."